கிழியாத தார்ப்பாய்

போன வருடம் ஆடி மாதம், அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் நடந்தது இது. நடந்தது என்றால் விபத்தோ அடிதடியோ ஒன்றுமில்லை. பத்துப் பேர் சிரிக்கட்டும் என்று நான் ஒரு கதை சொன்னேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை.

எனக்குத் தொழில் துணி ரோல் ஏற்றுவது. திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் துணி ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடும். ஓரிடத்தில் பின்னுவார்கள், இன்னோரிடத்தில் சாயம் போடுவார்கள், வேறோரிடத்தில் அமுக்கி மடித்துக் கொடுப்பார்கள், கடைசியில்தான் வெட்டுகிற மேஜைக்குப் போகும். நடுவில் உள்ள ஓட்டமெல்லாம் என்னைப் போன்ற ஆட்களுடையது. சொந்த லாரி, நானே டிரைவர். லாரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், சின்ன வண்டிதான். வயசான வண்டி. என் கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கியது, ஆனால் என்னைவிட அதற்குத்தான் முட்டிவலி அதிகம்.

ஒருநாள் துணி பின்னுகிற ஒரு நிட்டிங் கம்பெனியில் நூல் பெட்டி இறக்கப் போயிருந்தேன். மேல்மாடியிலிருந்து ‘கூ’வென்று ரயில் சத்தம் கேட்டது. ஏனுங்க, மாடியில ரயில் ஓடுதுங்களா என்று கம்பெனிக்காரரைக் கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்காமல், ஆமாங்க, வந்து பாருங்க என்று கூட்டிப் போனார். போனால், நிஜமாகவே ஓடுகிறது! ஹால் முழுக்க மேஜை போட்டு, அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், குகை, லெவல் கிராசிங் கேட். நீலப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு குட்டி இன்ஜின் என் மூக்குக்கு முன்னால் வளைந்து போயிற்று. எல்லாம் அசலின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவாம். அன்றைக்கு விழுந்தவன்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் என்னை வீட்டில் தேட வேண்டாம், அந்த மாடியில் தேடினால் போதும் என்று ஆகிவிட்டது.

நாங்கள் நாலு பேர். மாடிக்குச் சொந்தக்காரரான நிட்டிங் அண்ணன் ஒருவர். பல் டாக்டரம்மா ஒருவர், எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவர், வாய் மட்டும் பெரியது. பல் செட்டுக்கு அச்செடுக்கிற மாவில்தான் எங்கள் மலை, குகை எல்லாம் செய்தார். மூன்றாவது, மாஸ்டர். ஒரு பெரிய கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். அதாவது சட்டைக்கு அட்டையில் அளவு வெட்டிக் கொடுப்பவர். அவர் அட்டையில் ஒரு நூல் பிசகினால் ஆயிரக்கணக்கான உருப்படி கோணலாகப் போய்விடும். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எங்களூர்ப் பேச்சு இத்தனை வருடத்தில் அவருக்கு ஒட்டவே இல்லை. எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான். நாலாவது நான்.

எங்கள் ஊரில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. கீழே மெஷின் ஓடுகிற கட்டடம் வேறு. ஒரு வாரம் விட்டால் போதும், தண்டவாளத்தின் மேல் மெல்லிசாகப் பஞ்சு படிந்து இன்ஜின் நடுவழியில் நின்றுவிடும். சக்கரத்து அச்சில் நூல் சுற்றிக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் முதல் வேலை, ஆளுக்கொரு பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் தண்டவாளத்தைத் துடைப்பது. டாக்டரம்மா பல் குத்துகிற கொக்கியால் அச்சிலிருந்து நூலை இழுத்து எடுப்பார், வாயைத் திறங்க, வலிக்காதுங்க என்று இன்ஜினிடம் பேசிக்கொண்டே. அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? பேச்சுதான். பெட்டியின் நீலம் சரியான நீலமா, பிளாட்பாரம் ஒரு முடி உயரமா என்று ஆரம்பித்து, கடைசியில் என் வண்டியில் வந்து நிற்கும்.

“ஏனுங்ணா, இந்த வாரம் வண்டி என்னங்க பண்ணுச்சு?” என்று டாக்டரம்மாதான் எடுத்துக் கொடுப்பார்.

முதலில் நான் சொன்னதெல்லாம் உண்மை. கதவுக் கொக்கி உடைந்துபோய், ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக் நாடாவால் கதவைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாக உண்மை, இன்றைக்கும் அப்படித்தான் ஓடுகிறது. அதைச் சொன்னபோது மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் அதிகம் சிரிக்காத மனுஷர், அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அடுத்த வாரம் அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று மனசு கேட்டது. வண்டியோ சில வாரம் ஒழுங்காக ஓடித் தொலைத்துவிடும். அப்போது என்ன செய்வது? கண், காது, மூக்கு எல்லாம் வைத்து நானே ஒன்றை உருவாக்கிவிடுவேன். இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது என்றேன். கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது அது நிற்காமல் அடித்ததில், பெரிய மனுஷர் யாரோ வருகிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் பன்னீர்ச் செம்போடு ஓடி வந்தார்கள் என்றேன். ஹாரன் ஒரு தடவை மாட்டிக்கொண்டது உண்மை. பன்னீர்ச் செம்பு என் கைச்சரக்கு.

இப்படிச் சொன்னவற்றில் ஒன்றுதான் மழைக் கதை. ஐப்பசி மழையில் ஒருநாள் வெள்ளைத் துணி ஏற்றிக்கொண்டு அவிநாசிபாளையம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் வண்டியை நிறுத்தி, விட்டதும் கிளம்பினேன். நனைந்தது என் சாப்பாட்டுப் பை மட்டும்தான். தார்ப்பாய் அப்போதுதான் வாங்கியது, ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆனால் மாடியில் சொன்ன கதை வேறு. தார்ப்பாய் நட்டநடுவில் கிழிந்தது, குழாயைத் திறந்துவிட்டது போலத் தண்ணீர் இறங்கியது, மேல் ரோல் சொதசொதவென்று ஊறிவிட்டது, நானும் பங்க் பையனும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தோம் என்று அளந்து, கடைசியில், “கொண்டுபோயிக் கமுக்கமா எறக்கிப் போட்டு வந்துட்டனுங்க. கம்பெனிக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது” என்று முடித்தேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் சிரிப்பு அதிகம். அதனால் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இதற்கிடையில் மாஸ்டருக்கு ஒரு கஷ்டம் வந்தது. அவர் வேலை பார்த்த கம்பெனி வெட்டுகிற பிரிவை வடக்கே வேறு மாநிலத்துக்கு மாற்றப்போகிறது, வருகிறவர்கள் வரலாம், இல்லையென்றால் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஒரே பெண், அப்போதுதான் பன்னிரண்டாவதில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணை அந்த நேரத்தில் ஊர் மாற்றுவதாவது! எனக்கு முக்கால்வாசி லோடு கொடுக்கிற, அந்த வெள்ளைத் துணிக்கும் சொந்தமான கம்பெனியில் பழைய மாஸ்டர் முட்டிவலி என்று நிற்கப்போவது எனக்குத் தெரியும். நான் சொல்றனுங்க மாஸ்டர், கவலையை விடுங்க என்றேன். சொன்னபடி அந்தக் கம்பெனி முதலாளியிடம் சொல்லவும் செய்தேன். கை சுத்தமான ஆளுங்க, ஒரு நூல் பிசகாதுங்க என்று. முதலாளி மெதுவாகப் பேசுகிறவர், யாரையும் நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார். “ஆடி கழியட்டுங்க, கூட்டிட்டு வாங்க” என்றார். ஆடியில் யாரும் புது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் வேலை என்று நாங்கள் மாடியில் டீ குடித்துக் கொண்டாடினோம்.

அந்த ஆடியில்தான் கண்காட்சி. பிள்ளைகளுக்கு உங்கள் ரயிலைக் காட்ட முடியுமா என்று அந்தப் பள்ளியில் கேட்டிருந்தார்கள். மேஜையை மூன்று துண்டாகக் கழற்றி என் வண்டியில்தான் ஏற்றினோம். ஆடிக் காற்று அந்த அடி அடிக்கிறது, ஒரு மரம், ஒரு விளக்குக் கம்பம் சாயாமல் கொண்டுபோய் இறக்கினேன். வண்டி அன்றைக்கு அவ்வளவு சமர்த்து. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

என் வண்டி! என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். அப்படியே என் வண்டி. முகப்பில் உரிந்த பெயின்ட், கண்ணாடிக்குக் கீழே நான் ஒட்டிய முருகன் வேல், நம்பர் பிளேட்டில் எல்லா எழுத்தும். கதவில் எலாஸ்டிக் நாடா, அதற்கு ஒற்றை நூலைச் சாயம் தோய்த்துக் கட்டியிருந்தார். அத்தோடு விட்டாரா? பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல், அடியில் சொட்டிய ஆயில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளுகிற ஒரு மனுஷன். மேலே நீலத் தார்ப்பாய், அதன் நடுவில் ஒரு கிழிசல், கிழிசலுக்குள் நனைந்து பழுப்பேறிய வெள்ளை ரோல். அதை லெவல் கிராசிங் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்.

என் வாழ்க்கையில் யாரும் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஒரு நாள் அவர் என் வண்டி நிற்கிற இடத்துக்கு டேப்போடு வந்து அளவெடுத்து, போனில் படமும் எடுத்துப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் அண்ணாச்சி என்றிருந்தார்.

டாக்டரம்மா ஒரு பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் ரயிலை விட்டுவிட்டு லாரியைத்தான் மொய்த்தார்கள். இந்த மாமாவோட வண்டிதானுங்களா இது என்று ஒரு பெண் குழந்தை கேட்டதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கல்லுக்கு ஒரு கதை, ஆயிலுக்கு ஒரு கதை என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்பா அம்மாக்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் சேரச் சேர என் குரலும் ஏறியது. கடைசியில் மழைக் கதைக்கு வந்தேன். பிழிந்து காட்டினேன், நடித்துக் காட்டினேன்.

“அப்பறம் அந்த ரோல் என்னங்க ஆச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னேன், அந்தக் கடைசி வரியை. கம்பெனிக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க! ஹால் கொள்ளாத சிரிப்பு. சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பினால், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முதலாளி நிற்கிறார்.

அவர் கோபப்படவில்லை. நல்லா இருக்குதுங்க, ரொம்ப நல்லா செஞ்சிருக்கறாங்க என்று சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து அந்த நனைந்த ரோலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேத்திக்கு ரயிலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அந்தக் கம்பெனியிலிருந்து போன் வரவில்லை. நானாகக் கூப்பிட்டால், லோடு இல்லீங்க, இருந்தா சொல்றனுங்க என்றார்கள். வாசலில் வேறொருவரின் வண்டி நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். விசாரித்ததில் தெரிந்தது, அந்த ஐப்பசியில் அவர்கள் அனுப்பிய வெள்ளைச் சரக்கில் கொஞ்சம் கறை என்று திரும்பி வந்திருக்கிறது. யாரால் என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லையாம். இப்போது கண்டுபிடித்துவிட்டார்கள்!

நேரில் போய் நின்றேன். அது சும்மா சிரிப்புக்குச் சொன்ன கதைங்க, ஒரு சொட்டு நனையலீங்க என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நாஞ்சொல்லலீங்க. ஆனா அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யான்னு எனக்குத் தெரியலீங்களே” என்றார் முதலாளி.

வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்குமா என்று பார்த்தேன். “ஊரே நம்ம வண்டியப் பாத்துச் சிரிக்கோணும்னு நீங்கதான ஆசைப்பட்டீங்க? நெல்லக் கொட்டுனா அள்ளிப்போடலாம், சொல்லக் கொட்டுனா அள்ள முடியுமா?” என்று கேட்டுவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது அது மழைக்காலக் குணம். எனக்குப் பன்னிரண்டு மாதமும்.

ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, தன் வாயைக் குற்றம் சொல்லவே சொல்லாது. வேறு யாராவது கிடைப்பார்களா என்று பார்க்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். லாரி இன்னும் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

“நான் வாயிலதானுங்க சொன்னேன், காத்தோட போயிருக்கும். நீங்க கையில செஞ்சு ஊருக்கே காட்டிப்போட்டீங்க. உங்க கை சித்தே சும்மா இருந்திருந்தா என்ற பொழப்பு போயிருக்காதுங்க மாஸ்டர்.”

தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நிட்டிங் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். அண்ணா, கதை நீங்க சொன்னதுதானுங்களே என்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாஸ்டர் லாரியை எடுத்தார், தள்ளுகிற மனுஷனையும் எடுத்தார், இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

சில நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சாயப்பட்டறையில் லோடு இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று. முதலாளி மனசு இளகிவிட்டது, நான் போய்ப் பேசியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். முருகா என்று வண்டியை எடுத்தேன். ரோலை இறக்கும்போது முதலாளியே வாசலுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தார்ப்பாயைத் தொட்டுப் பார்த்தார்.

“உங்க கூட்டாளி வந்திருந்தாருங்க. அந்தப் பொம்மை வண்டி செஞ்சவரு. கிழிசல் நான் வெச்சதுங்க, வண்டியில கிழிசல் இல்லைன்னு சொன்னாரு. அளவெடுக்க வந்தப்ப எடுத்த போட்டோவும் காட்டுனாரு, தார்ப்பாய் புதுசாத்தான் இருந்துச்சு. நீங்க கூட்டத்துல சொன்னதெல்லாம் அந்தப் பொம்மைக்குத் தக்க சொன்னதாமா.”

மாஸ்டர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். கிழிசல் அவர் கை வைத்ததுதான். ஆனால் என் வாய் சொல்லி வைத்தது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதலாளி போகத் திரும்பியவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார். “நீங்க சொன்ன பேட்டர்ன் மாஸ்டரும் அவருதானாமுங்க? நல்ல மனுசன்தான். ஆனா இல்லாத கிழிசலை வெக்கிற கையிங்க அது. அந்தக் கையில அளவைக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க. வேற ஆளுக்குச் சொல்லிட்டனுங்க.”

இல்லீங்க, அவரு நான் சொன்னதைத்தானுங்க செஞ்சாரு. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. பத்துப் பேர் முன்னால் அளக்கும்போது நிற்காத வாய் அது. ஆனால் அந்த வாசலில், வண்டியில் பாதி ரோல் இறங்காமல் இருந்தது. இதைச் சொன்னால் மறுபடி போன் வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் மீதி ரோலை இறக்கினேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப் பக்கம் போகவில்லை. வேலை இருக்குதுங்க என்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? நிட்டிங் அண்ணன்தான் ஒருநாள் போன் செய்தார். மாஸ்டர் வடக்கே அதே கம்பெனிக்குப் போகிறார், குடும்பம் பெண்ணின் படிப்புக்காக இங்கேயே இருக்கும், தனியாகப் போகிறார், புதன்கிழமை காலை ரயில், எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம், நீங்களும் வந்துவிடுங்கள் என்றார். அந்த இரண்டு நாளும் நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். தப்பு என்னுதுங்க மாஸ்டர், முதலாளிகிட்ட நான் பேசறனுங்க, நீங்க போகாதீங்க. பிளாட்பாரத்தில் பெட்டியைப் பிடுங்கியாவது நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் நேரத்தோடு கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு முன்னால் மேம்பாலம் ஏறும்போது வண்டி ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினேன், கெஞ்சினேன், அடித்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் தேடி வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழியில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளினேன். மாஸ்டர் செய்த பொம்மையில் இருந்த அதே கல், அதே மனுஷன். அப்போது கீழே ரயில் போயிற்று. நீலப் பெட்டிகள். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தேன்.

அங்கிருந்தே போன் செய்தேன். மாஸ்டர் உடனே எடுத்தார்.

“மாஸ்டர், வண்டி பாலத்து மேல நின்னுபோச்சுங்க. அதானுங்க வர முடியல.”

ரயில் சத்தத்துக்கு நடுவில் அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு. “நல்ல கதையா இருக்கே அண்ணாச்சி. நான் போற நாளு பார்த்தா நிக்கணும்?”

“நெசமாலுமே நின்னுருச்சுங்க மாஸ்டர். சத்தியமாங்க.”

“சரி அண்ணாச்சி, சரி. நான் நம்புதேன். உடம்பப் பார்த்துக்கிடுங்க” என்றார்.

அவர் நம்பவில்லை. எனக்கு வருவதற்குக் கூச்சம், அதற்காக ஒரு கதை சொல்கிறேன் என்று நினைத்து, நான் சங்கடப்படக் கூடாதே என்று விட்டுக்கொடுத்தார். அதற்கு மேல் நான் ஒத்திகை பார்த்த எதையும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அதுவும் கதையாகத்தானே தெரியும்? பாலத்தின் மேல் அந்த ஆட்டோ சத்தத்துக்கும் பஸ் சத்தத்துக்கும் நடுவில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போனேன். லோடு போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மழைக் கதை என் கற்பனை, மாஸ்டர் தன் கண்ணால் நல்ல தார்ப்பாயைப் பார்த்தும் நான் சொன்னதற்காகக் கிழிசல் வைத்தார், பிறகு எனக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாசல்லயே சொல்லியிருக்கலாமுங்களே, இப்பப் புது மாஸ்டர் வந்துட்டாருங்களே என்றார். அவ்வளவுதான். கோபமில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல லோடுக்குப் போன் வந்தது.

அதுதான் என்னைத் தின்கிறது. அன்றைக்கு வாசலிலேயே சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் பயந்த பயமும் ஒரு கட்டுக்கதைதான், அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு மாடிக்குப் போனபோது நிட்டிங் அண்ணன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். மாஸ்டர் எனக்காக வைத்துவிட்டுப் போனதாம். பிரித்தால், அதே லாரி. சக்கரத்துக் கல் இல்லை, ஆயில் இல்லை. தள்ளிக்கொண்டிருந்த மனுஷன் இப்போது உள்ளே ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான். மேலே முழுசான நீலத் தார்ப்பாய், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. எலாஸ்டிக் நாடா மட்டும் கதவில் அப்படியே இருந்தது.

மாஸ்டரோடு இப்போதும் போனில் பேசுவேன். அந்த ஊர்த் தண்ணீர், பெண்ணின் படிப்பு, இங்கே எந்த இன்ஜின் மக்கர் செய்கிறது என்றெல்லாம் பேசுவோம். முதலாளியிடம் சொன்னதை அவரிடமும் சொன்னேன். அதுக்கென்ன அண்ணாச்சி, விடுங்க என்று பேச்சை மாற்றிவிட்டார். பாலத்தின் மேல் வண்டி நின்றது நிஜம் என்று மட்டும் இன்னும் அவரை நம்பவைக்க முடியவில்லை. லாரியை அந்தக் கேட்டுக்கு முன்னால்தான் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பஞ்சைத் துடைக்கும்போது, வண்டி என்னங்க பண்ணுச்சு என்று டாக்டரம்மா பழக்கத்தில் கேட்பார். நல்லா ஓடுச்சுங்க என்பேன். யாரும் சிரிப்பதில்லை.

எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொல்லிச் சிரிப்பு வாங்கலாமா என்று வாய் ஊறும்போதெல்லாம் அந்தக் கிழியாத தார்ப்பாய்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. நான் சொன்னதற்காகப் பொய்யைச் செய்த ஒரே கை மாஸ்டருடையது, அதற்கு ஈடாக உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே நேரத்தில் என் வாய் மூடிக்கிடந்தது.